இரும்புப் பஞ்சாங்கம்

காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் நான் செய்கிற முதல் வேலை, மூலைமட்டத்தைச் சோதிப்பதுதான். விளிம்பு நேராக இழைத்த பலகை ஒன்று இதற்கென்றே என் பெட்டிக்குப் பின்னால் சாத்தியிருக்கும். மட்டத்தின் தலையை அந்த விளிம்பில் அழுத்தி, அதிலிருந்து நீளும் சட்டத்தை ஒட்டி ஊசியால் ஒரு கோடு கிழிப்பேன். பிறகு மட்டத்தை மறுபக்கம் புரட்டிப் போட்டு, அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரிந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விலகினால், அந்த விலகலில் பாதி மட்டத்தின் பிழை. அது ஒருநாளும் விலகியதில்லை. இருந்தும் மறுநாள் சோதிக்காமல் என்னால் உளியைத் தொட முடியாது. யாராவது எடுத்துக் கீழே போட்டிருந்தால்? பெட்டியோடு பூனை தள்ளியிருந்தால்?

"பல்லு வெளக்கியாச்சா, தர்மபுரியாரே?" என்பான் என்னோடு வேலை செய்தவன். தினம் அதே கேள்வி.

ஓசூரில் பெங்களூர் ரோட்டை ஒட்டி ஓடு போட்ட ஒரு நீளக் கொட்டகை, அதுதான் எங்கள் பட்டறை. ஐம்பதுகளில் அந்த ரோட்டில் கம்பெனி எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் ராகிக் கொல்லையும் புளியமரமும்தான். முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு. என் கூட்டாளி பாகலூர்க்காரன். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், முதலாளியிடம் லீவு கேட்கும்போது மட்டும் தெலுங்கு. எனக்குத் தமிழை விட்டால் வேறு பாஷை வராது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் தர்மபுரியார் என்று பெயர் வைத்துவிட்டான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். ஆனால் தச்சு அவனுக்குப் பரம்பரைத் தொழில். நான் அப்படி இல்லை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் கணக்குக் கேட்டால் விடை மனசில் இருக்கும்; தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வாய் திறக்க மாட்டேன். இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் உட்கார்ந்தபிறகு, ஆடு மேய்க்கவாவது உதவட்டும் என்று அப்பா நிறுத்திவிட்டார். பெரியவனானதும் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் சாமான் அனுப்புகிற மரப்பெட்டி அடிக்கும் பிரிவில் சேர்ந்தேன். அங்கே கற்றதுதான் எனக்குத் தெரிந்த தச்சு. அங்கேதான் அந்த மட்டத்தையும் முதலில் பார்த்தேன். மேற்பார்வையாளர் மேசைமேல் ஒன்று இருக்கும். தொடவிட மாட்டார்.

அந்த வேலை கைவிட்டுப் போன சமயத்தில், பெங்களூர் நடைபாதைக் கடையில் பழைய இரும்புகளுக்கு நடுவில் அதே மாதிரி ஒன்று கிடந்தது. துருவேறியிருந்தது. வாங்கிவிட்டேன். ஓரடி நீள எஃகுச் சட்டம். அதன் நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் நகரும் இரண்டு தலைகள். முதல் தலையின் ஒரு பக்கம் நேர்மூலைக்கு, மறுபக்கம் அதில் பாதிச் சாய்வான அரைமூலைக்கு. திருகை இறுக்கினால் நிற்கும். தளர்த்தினால் சட்டம் முன்னும் பின்னும் போகும். இரண்டு அங்குலம் நீட்டி இறுக்கி, நுனியில் பென்சிலை வைத்துப் பலகை விளிம்போடு இழுத்துக்கொண்டு போனால், கடைசிவரை இரண்டு அங்குலத்தில் கோடு விழும். துளைக்குள் விட்டு ஆழம் பார்க்கலாம். இன்னொரு தலை வட்டமாக, சுற்றிலும் எண்கள் வெட்டி, எந்தச் சாய்வுக்கும் திரும்பும். அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று எனக்கு அப்போது தெரியாது. பள்ளிக்கூடத்தில் அது ஐந்தாம் வகுப்புக்கு மேல் வருகிற பாடமோ என்னவோ. மரத்தில் ஒரு சாய்வை வரைந்து, தலையைத் திருப்பி அதோடு பொருத்தி, திருகை இறுக்கிவிடுவேன். பிறகு அதே சாய்வை எத்தனை பலகையில் வேண்டுமானாலும் கிழிக்கலாம்.

வேலையில்லாமல் அந்த இரும்போடு தேன்கனிக்கோட்டைக்கு மாமியார் வீட்டுக்குப் போனேன். என் மனைவி தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. அவளுடைய அண்ணன் என் துணிப்பையைத் தூக்கிப் பார்த்து, "என்ன மாப்ள, இவ்ளோ கனம்?" என்றார். எடுத்துக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை போச்சு, இரும்பு வந்துச்சா?"

"இது இருந்தா எங்க வேணும்னாலும் வேலை கெடைக்குங்க."

"கெடைக்கட்டும். கெடைச்சு நிக்கட்டும். அப்புறம் பொண்ணையும் கொழந்தையையும் அனுப்பறோம். உங்களுக்குக் கோவம் வரக் கூடாது. நாளைக்கு எங்க வீட்டுப் பொண்ணு எங்கியோ ஒரு ஊர்ல பட்டினி கெடக்கக் கூடாது பாருங்க."

அவர் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது. அவர்களே யானைக்கும் மழைக்கும் பயந்து ராகி விதைக்கிறவர்கள். மூன்றாம் மாசம் அனுப்புவது வழக்கம். அது போய் ஐந்தாம் மாசமும் போயிருந்தபோதுதான் எனக்கு ஓசூர்ப் பட்டறையில் இடம் கிடைத்தது. அதுவும் பார்ப்போம் என்ற இடம். முதலாளி பட்டென்று சொல்லிவிட்டார்: "பொட்டி அடிச்சவனுக்கு மேசை நாற்காலி வருமான்னு பாக்கணும். ஒரு வேலை தர்றேன். அது சரியா வந்தா இரு. இல்லன்னா வேற எடம் பாத்துக்கோ."

அந்த ஒரு வேலைதான் பள்ளிக்கூட மேசைகள்.

பாகலூருக்கு அப்பால் எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துக் கவுடர், தம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மேசை செய்துதர ஒப்புக்கொண்டிருந்தார். சந்தையில் முதலாளியைப் பார்த்து விவரம் சொல்லியிருக்கிறார், கன்னடத்தில். முதலாளி அதை எனக்குச் சொன்னபோது அஞ்செட்டிக்கு மரம் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தரையில குந்திக்கினு பசங்க எழுதற மேசை. நாலடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உசரம். மேல ஓர வேணுமாம்."

"ஓரங்களா?"

"அவுனய்யா, ஆமா. ஓர."

"எத்தனை அங்குலம் வைக்கறதுங்க?"

"ரெண்டு அங்குலம். அதுக்கு மேல வேணாம்னாரு."

"எல்லா மேசைக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

"ரெண்டு அங்குலம் கரெக்டா இருக்கணுங்களா, ஒரு நூல் முன்னப் பின்ன இருக்கலாங்களா?"

முதலாளி குடையை எடுத்துக்கொண்டார். "நூல் கணக்கெல்லாம் என்கிட்ட கேக்காத. கவுடரு வந்து பாத்தா ஓர தெரியணும். அவ்ளோதான்."

நான் எதையும் இரண்டு தடவை கேட்கிறவன். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். அன்றைக்கும் இன்னொரு கேள்வி நாக்கு நுனியில் நின்றது: ஓரம் நாலு பக்கமும் சுற்றி வர வேண்டுமா? கேட்க வாயெடுத்தேன். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. முதலாளி ஓடினார். அஞ்செட்டிக்கு பஸ்ஸை விட்டால் மறுநாள்தான்.

சரி, ஓரம் என்றால் சுற்றித்தானே வரும் என்று எடுத்துக்கொண்டேன்.

மாமரப் பலகையில் மேற்பரப்பும், இரண்டு முனையிலும் தாங்குவதற்கு அகலமான நிற்பலகையும், நடுவில் ஒரு குறுக்குச் சட்டமுமாக மேசைகள் சீக்கிரமே எழுந்துவிட்டன. ஓரம்தான் நேரம் எடுத்தது. தேக்குத் துண்டுகளை இரண்டு அங்குல அகலத்தில், நாலு நூல் கனத்தில் கீறி, மேற்பரப்பின் விளிம்பைச் சுற்றி நாலு பக்கமும் அரை அங்குலம் எழும்பி நிற்கும்படி பதித்தேன். மூலையில் ஒரு துண்டை இன்னொன்றின்மேல் முட்டவிட்டு ஆணி அடிக்கிறவர்கள் உண்டு. எனக்கு மனசு வரவில்லை. அரைமூலையாக அறுத்து இணைத்தேன். அதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஒரு துண்டில் மயிரளவு பிசகினால், இரண்டும் சேரும்போது அது இரண்டு மயிராகிவிடும். மூலை வாய் பிளந்து நிற்கும். அதனால் மட்டத்தின் அரைமூலைப் பக்கத்தை வைத்து, பென்சிலால் அல்லாமல் கத்தி நுனியால் கீறி, கோட்டுக்கு வெளியே அறுத்து, கோடு வரைக்கும் இழைத்தேன். சேர்த்துப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மறுபடி நேர்மூலையில் வைத்துச் சரிபார்த்து, அப்புறம்தான் ஆணி.

கூட்டாளிக்கு வேடிக்கை தாங்கவில்லை. அவன் பக்கத்தில் கதவு வேலை செய்துகொண்டிருந்தான்.

"உன் இரும்புப் பஞ்சாங்கம் என்ன சொல்லுது? இப்ப அறுக்கலாமா, ராகுகாலம் போகட்டுமா?"

"மூலை சேரலைன்னா கவுடரு திருப்பி அனுப்பிடுவாரு."

"கவுடரு மூலையப் பாக்கறதுக்கா வண்டி கட்டிக்கினு வராரு? எங்கப்பா ஒரு கண்ணை மூடிப் பாப்பாரு, அறுப்பாரு, அவ்ளோதான். நீ ரெண்டு கண்ணையும் தொறந்துக்கினு, இரும்பையும் கையில புடிச்சுக்கினு, அப்பவும் பயப்படறே."

"உங்கப்பா செஞ்ச கதவு சாத்தும்போது சத்தம் வருமே."

"அது தொறக்கும்போதுதான்," என்றான்.

அவனிடமும் நான் 'ஓரம் ரெண்டு அங்குலம்' என்றுதான் சொல்லியிருந்தேன். என் வாயில் அது தமிழாகிவிட்டது. அவன் காதிலும் தமிழாகவே விழுந்தது. முதலாளியின் வாயால் அதை அவன் கேட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். பள்ளிக்கூட மேசை எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. என் பள்ளிக்கூடத்தில் மணலும் தரையும்தான். அவன் அதையும் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் கவுடர் மாட்டு வண்டியோடு வந்துவிட்டார். முதலாளியும் அஞ்செட்டியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். விஜயதசமிக்குப் புதுப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். அதற்குள் மேசை ஊருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது பேச்சு. மறுநாள் ஆயுத பூஜை. எல்லா ஆயுதத்தையும் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக வைத்துவிட்டால், பட்டறையில் ஒரு ஆணியைக்கூட யாரும் தொட மாட்டார்கள்.

மேசைகளை வாசலில் வரிசையாக வைத்திருந்தேன். வெயில் பட்டுத் தேக்கு ஓரம் மின்னியது. கவுடர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் மேசைமுன் குனிந்தார். தடவினார். மூலையை நகத்தால் நெருடினார். நகம் நுழையவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"சென்னாகிதெ," என்றார். நன்றாயிருக்கிறது என்பது எனக்கே புரிந்தது. பிறகு தலையைச் சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தார். அடுத்த மேசைக்குப் போய் அதையும் அப்படியே பார்த்தார்.

"ஓரெ எல்லி?"

முதலாளியும் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஏமய்யா, ஓர எங்க?"

"இதோ இருக்குதுங்களே," என்று தேக்குத் துண்டைத் தொட்டுக் காட்டினேன். "ரெண்டு அங்குலம். சுத்தியும். நீங்க வேணும்னா அளந்து..."

கூட்டாளி கதவை விட்டுவிட்டு வந்தான். எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. முதலில் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"அண்ணா, ஓரம் இல்ல. ஓரெ. கன்னடத்துல ஓரென்னா சாய்வு. மேசை சாய்வா இருக்கணும்னு சொல்லியிருக்காரு. அந்தப் பக்கம் ஒசந்து, பசங்க பக்கம் ரெண்டு அங்குலம் எறங்கி."

அதுவரை அவன் என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. அதுவே எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

கவுடர் என்னிடம் தமிழில் பேசினார், எனக்குப் புரியவேண்டும் என்பதற்காகவே. "இது என்னய்யா? நாலு பக்கமும் வரப்பு கட்டி வச்சிருக்கே. ராகி முத்தெ போட்டுக் கொழம்பு ஊத்தித் தின்ற தட்டா? பசங்க படிக்க வராங்களா, ஊட்டம் சாப்பிட வராங்களா?"

வண்டிக்காரர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை.

நான் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாக மனசில் ஓடின. எத்தனை அங்குலம்? இரண்டு. எல்லா மேசைக்குமா? எல்லாவற்றுக்கும்தான். பார்த்தால் தெரியணும். ஒவ்வொரு பதிலும் ஓரத்துக்கும் பொருந்தியது, சாய்வுக்கும் பொருந்தியது. சுற்றியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "சாய்வு எப்படிய்யா சுத்தி வரும்?" என்று அங்கேயே முடிந்திருக்கும். மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை மடியோடு அணைத்துக்கொண்டு எழுதுகிற சாய்வுப் பெட்டியை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"பெங்களூர்லயே வாங்கிக்கறேன்," என்று கவுடர் துண்டை மறுபடி உதறினார்.

முதலாளி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேறு இடம் பார்த்துக்கொள் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. மாமியார் வீட்டு வாசலில் மச்சான் என் பையைத் தூக்கிப் பார்ப்பது எனக்குக் கண்முன் தெரிந்தது. ஆறாம் மாசமும் போய்விடும். குழந்தை என்னைப் பார்த்தால் அழும்.

பயம் அதிகமானால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு வாய் அடைத்ததே தவிரக் கை நிற்கவில்லை. பெட்டியிலிருந்து மட்டத்தை எடுத்தேன். ஒரு வெற்றுப் பலகையைத் தரையில் போட்டு, மேசையின் நிற்பலகையை அதே அளவில் வரைந்தேன். பின்பக்கம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. முன்பக்கம் கீழிருந்து இரண்டு அங்குலம் மேலே ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தேன். வட்டத் தலையை மாட்டி, சட்டம் அந்தச் சாய்ந்த கோட்டோடு படுக்கும்வரை திருப்பி, திருகை இறுக்கினேன். எண் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் நின்றது.

"மேல எதையும் பிரிக்க வேணாங்க," என்றேன். "அடியில ஆப்பு மாதிரி ஒரு துண்டு அறுத்து எடுத்துட்டா, மேசை மொத்தமா முன்னால சாயும். ரெண்டு அங்குலம்."

"அறுத்தா முன்னால கவுந்துடாதா?" என்றார் முதலாளி.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. "ஒண்ணு அறுத்துப் பாக்கலாங்க. போனா அந்த ஒண்ணுதான் போகும்."

கவுடர் வண்டி நுகத்தில் கை வைத்தபடி நின்றார். கிளம்பவில்லை.

இந்த வேலையில் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. சாய்வைக் குறிக்கும் மட்டத்துக்கு வலது இடது தெரியாது. இடது நிற்பலகையின் வெளிப்பக்கத்தில் எப்படி வைத்தாயோ அப்படியே வலது நிற்பலகையின் வெளிப்பக்கத்திலும் வைத்துக் கிழித்தால், ஒன்று முன்னால் சாயும், மற்றது பின்னால் சாயும். மேசை முறுக்கிக்கொண்டு நிற்கும். அறுத்த மரத்தை ஒட்டவைக்க முடியாது. அதனால் எல்லா நிற்பலகையிலும் பிள்ளைகள் உட்காரும் பக்கத்தில் ஒரு அடையாளம் போடச் சொன்னேன். "சாக்பீஸால 'பி'ன்னு எழுது. பிள்ளை பக்கம்."

"எனக்கு எழுதத் தெரிஞ்சா நான் ஏன் இங்க இருக்கேன்?" என்று சொல்லிவிட்டுக் கூட்டாளி ஒவ்வொரு பலகையிலும் ஒரு வட்டம் வரைந்து, இரண்டு கண்ணும் ஒரு வாயும் வைத்தான். முதல் சிலவற்றுக்குக் குடுமியும் போட்டான். முதலாளி அதட்டியதும் குடுமியை விட்டுவிட்டான்.

முகம் இருக்கிற பக்கம் இரண்டு அங்குலம், இல்லாத பக்கம் ஒன்றுமில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்ப மனசில் சொல்லிக்கொண்டு முதல் மேசைக்குக் கோடு கிழித்தேன். மனசில் இல்லை, வாய்விட்டே சொன்னேன் என்று கூட்டாளி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான். கவிழ்த்துப் போட்டு இரண்டு பேருமாக அறுத்தோம். நிமிர்த்தி வைத்தோம். கவிழவில்லை. கையால் முன்பக்கம் அழுத்தினேன். கவிழவில்லை. இன்னும் அழுத்தினேன்.

"போதும் அண்ணா, நீயே கவுத்துடுவே போலருக்கு."

கவுடர் வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மேசைமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெரிய உடம்பு, முழங்கால் இரண்டும் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எழுதுகிற மாதிரி கையை வைத்தார். முன் ஓரம் மணிக்கட்டில் பட்டது. "இது குத்துது. எடுத்துரு," என்றார். பிறகு ஏதோ யோசித்து, சுருக்குப் பையிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து மேசையின் உயர்ந்த பக்கத்தில் வைத்துவிட்டார். அது உருண்டு வந்தது. மடியில் விழும் என்று கையை ஏந்தினார். முன் ஓரத்தில் முட்டி நின்றது. மறுபடி வைத்தார், குறுக்காக. அது பக்க ஓரத்தில் இடித்து, அதோடு சறுக்கிக்கொண்டு வந்து, நான் அரைமூலை சேர்த்த மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பளப்பமும் இப்படித்தானே நிக்கும்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். சிலேட்டில் எழுதுகிற பலப்பத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"நிக்குங்க. சிலேட்டும் நிக்கும்," என்றேன். "கை குத்தாம முன் ஓரத்தை மட்டும் உருட்டி இழைச்சுத் தரேன்."

அவர் பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஓரெதான் கேட்டேன். இவன் ஓரமும் குடுத்திருக்கான். இருக்கட்டும் போ. சாயங்காலத்துக்குள்ள முடியுமா?"

முடியும் என்று கூட்டாளிதான் சொன்னான். நான் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றைக்குச் சோறு சாப்பிட்டதாக ஞாபகமில்லை. ஒவ்வொரு மேசைக்கும் கோடு கிழித்ததும், திருகு தளர்ந்திருக்குமோ என்று அந்த முதல் வரைபடத்தின்மேல் மட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். முதலாளி முதலில் எரிச்சலோடு பார்த்தார். பிறகு அந்த வரைபடப் பலகையை யாரும் மிதிக்காமல் தாமே தூக்கி ஓரமாக வைத்து, நான் வரும்போதெல்லாம் நீட்டினார். கூட்டாளி முன் ஓரங்களை உருட்டி இழைத்தான். அதில் அவன் கை எனக்கு வராது. கவுடர் புளியமரத்தடியில் வண்டிக்காரரோடு படுத்துவிட்டார்.

கடைசி மேசை ஒன்று மட்டும் லேசாக ஆடியது. நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். தரை ஆடுகிறதா மேசை ஆடுகிறதா என்று தெரியவில்லை. அதை வண்டியில் ஏற்ற விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விடய்யா," என்றார் கவுடர். "அது வாத்தியாருக்கு. எழுதும்போது தூங்காம இருப்பாரு."

வண்டி பாகலூர் ரோட்டில் திரும்பி மறைந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிடுவார், ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றையும் கழுவி வைக்கச் சொன்னார். நான் மட்டத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுத் திரும்ப என் பெட்டியில் வைக்கப் போனேன். அது பட்டறை ஆயுதம் இல்லையே, என் சொந்த இரும்புதானே.

"அதை எங்க கொண்டு போறே?" என்றார் முதலாளி. "எல்லாத்தோடயும் வை. இங்க வேலை செய்யற ஆயுதம் இங்கதான் பூசையில இருக்கும்."

இதற்கு நான் நினைக்கிற அர்த்தம்தானா என்று எனக்குச் சந்தேகம். அவர் உள்ளே போனதும் கூட்டாளியிடம் கேட்டேன்.

"இதுக்கும் பஞ்சாங்கம் பாக்கணுமா?" என்றான். மறுநாள் பூஜையில் முதல் பொட்டை அதற்குத்தான் வைத்தான். எண்களின்மேல் குங்குமம் படாமல் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. அந்தச் சிவப்பு ரொம்ப நாள் பள்ளத்திலேயே இருந்தது.

விஜயதசமியன்று காலை பஸ்ஸில் தேன்கனிக்கோட்டைக்குப் போனேன். ராகி கதிர் வாங்கியிருந்த சமயம். மச்சான் யானைக் காவலுக்குப் பரணில் இருந்துவிட்டு வந்து, கண் சிவந்து, பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, வேலை கெடைச்சு நின்னுச்சா?"

"நின்ன மாதிரிதாங்க."

"மாதிரின்னா?"

உள்ளேயிருந்து என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "நின்ன மாதிரின்னா நின்னுச்சுன்னு அர்த்தம், அண்ணா. அவரு அப்பிடித்தான் சொல்வாரு. நின்னு பத்து வருஷம் ஆனாலும் மாதிரின்னுதான் சொல்வாரு."

அவர் வாய் கொப்பளித்துவிட்டு என் பையைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு அது கனமாக இல்லை. "இரும்பு எங்க?"

"பட்டறையில இருக்குதுங்க."

அவர் தலையாட்டினார். "நல்ல நாளு. கெளம்பறதுன்னா சாப்பிட்டுக் கெளம்புங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஓரெ என்ற வார்த்தை வந்ததுமே அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்க ஊர்ல மாடு மேய்க்கறவங்களுக்குக்கூட அது தெரியும். என்னைக் கேட்டிருக்கலாமில்ல?"

"நீ எங்க இருந்தே?"

அவள் குழந்தையைத் தோளிலிருந்து மடிக்கு மாற்றிக்கொண்டாள். குழந்தை என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. எப்போது அழுமோ என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, கொழந்தைக்குக் கால் மடங்குது. கொஞ்சம் ஓரமா உக்காருங்க."

"ஓரமாவா, ஓரெயாவா?"

அவள் வாய் திறக்குமுன் பஸ் ஒரு வளைவில் திரும்பியது. எல்லாரும் ஒரு பக்கமாகச் சரிந்தோம். தலைக்கு மேலே கூரையில் மூட்டை ஒன்று உருண்டு கம்பியில் முட்டி நின்ற சத்தம் கேட்டது.

"இப்பத்தான் ஓரெ," என்றாள்.